ஒரு வாய் பாரநீர்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையில் உப்பு எப்போதும் ஈரமாகவே இருக்கும். போத்தலுக்குள் நாலு அரிசி போட்டு வைத்தாலும் இரண்டு நாளில் இளகிவிடும். ஜன்னலைத் திறந்தால் கடல். மூடினால் அதே கடல், சுவரில் வியர்வையாக. ரயில் போகும்போது மட்டும் அறைக்குள் காற்று கொஞ்சம் இடம் மாறி உட்காரும். அந்த ஊரில் இருந்துகொண்டு நான் தண்ணீர் இல்லாத ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

பலாக்கொட்டையில் ஒரு புரதம் இருக்கிறது. சந்தையில் வாங்கி, தோல் உரித்து, அரைத்து, வடித்து, ஏழு மாதம் மினக்கெட்டு அதைத் தனியாகப் பிரித்திருந்தேன். உறைய வைத்து உலர்த்தியபோது மிஞ்சியது ஒரு சின்னக் குப்பியின் அடியில் வெள்ளைத் தூள், குட்டிக்கூறா பவுடரை விரலால் தொட்ட அளவு. அது எப்படி மடிந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி. புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. சில இடங்களில் அது தொலைபேசி வயரைப் போலச் சுருண்டிருக்கும், சில இடங்களில் கொசுவிய சேலையைப் போல வரிவரியாக மடிந்து கிடக்கும். கண்ணுக்கோ சாதாரண நுணுக்குக்காட்டிக்கோ அது தெரியாது. ஆனால் அகச்சிவப்பு ஒளியை அதற்குள் விட்டால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தன் நடுக்கத்துக்கு ஏற்ற ஒளியை விழுங்கிவிடும். சுருள் ஒரு மாதிரி நடுங்கும், மடிப்பு இன்னொரு மாதிரி நடுங்கும். விழுங்கப்பட்ட இடம் தாளில் ஒரு மலையாக எழும். தாளின் அடியில் உள்ள அளவில் மலை ஆயிரத்து அறுநூற்றைம்பதில் நின்றால் சுருள். ஆயிரத்து அறுநூற்று முப்பதுகளுக்கு இறங்கினால் மடிப்பு.

இதில் ஒரு வில்லங்கம். சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில், நாற்பதுகளில், தண்ணீரும் நடுங்குகிறது. புரதம் முணுமுணுக்கிற அதே இடத்தில் நின்று தண்ணீர் கூச்சல் போடுகிறது. தண்ணீர் இல்லாமல் புரதம் தன் வடிவத்தில் இருக்காது. தண்ணீர் இருந்தால் புரதத்தின் குரல் கேட்காது. இதற்கு ஒரு வழிதான் உண்டு: பாரநீர். பார்வைக்கும் கைக்கும் தண்ணீரேதான், ஆனால் அதன் ஐதரசன் இரட்டிப்பு எடை. அதனால் அது மெதுவாக நடுங்கும், கூச்சலைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடும். இன்னொன்றும் செய்யும். புரதத்தை அதில் ஊற வைத்தால், புரதத்தின் பழைய ஐதரசன்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, பாரமானவை வந்து அந்த இடத்தில் குந்தும். வெளியில் இருப்பவை உடனே போகும். மடிப்புகளுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இருப்பவை தாமதிக்கும். போகாதவை இருக்கிற வரைக்கும் ஆயிரத்து ஐந்நூற்றைம்பதில் ஒரு சின்ன மேடு தெரிந்துகொண்டே இருக்கும்.

வெளிநாட்டில் ஒரு பேராசிரியை எனக்கு எழுதியிருந்தார். மாத முடிவுக்குள், அந்தச் சின்ன மேடு இல்லாத, சுத்தமான ஒரு நிறமாலையை, அந்த மலை கீறிய தாளை, அனுப்பினால் தன்னுடைய ஆய்வுகூடத்தில் ஓர் இடம் தரலாம் என்று. கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. கொழும்பிலோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொலிசில் பதிய வேண்டும், எதற்காக இங்கே நிற்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்ல வேண்டும். வடக்கே போக இராணுவத்தின் பாஸ் வேண்டும், அது கிடைக்காது, இங்கே நிற்கவும் காரணம் காட்ட வேண்டும். மிஞ்சியது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

பாரநீரை இங்கே வாங்க அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தேன். வாங்கிய எழுதுவினைஞர் சொல்லை இரண்டு தடவை வாசித்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். படிவம் போனது போனதுதான். கடைசியில் ரொறன்ரோவில் இருந்த என் அக்கா ஒரு சின்னப் போத்தலை வாங்கி, மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கொட்டாஞ்சேனை அன்ரியிடம் கொடுத்துவிட்டாள். ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அன்ரி வீட்டு வாசலில் நின்றேன். புதன்கிழமைதான் எனக்கு மெஷின் கிடைக்கும் நாள். ஒருகொடவத்தைப் பக்கம் கொள்கலன்கள் அடுக்கிய முற்றங்களுக்கு நடுவில் ஒரு பரிசோதனைச்சாலை இருந்தது. இறப்பரையும் பிளாஸ்ரிக்கையும் சோதிக்கிற இடம். அங்கேதான் அந்தக் கருவி. என் தூளைப் போன கிழமையே அங்கே குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். என் கணக்கு இதுதான்: ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்து தூளைப் பாரநீரில் கரைத்தால், ஒன்றரை வரைக்கும் மெல்லிய சூட்டில் ஊறும். இரண்டு மணிக்குத் தினசரி மின்வெட்டு, கரண்ட் போகும். அதற்குள் எடுத்துவிடலாம்.

அன்ரி போத்தலைச் சட்டைத் துணிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். கட்டைவிரல் உயரம், இருபது மில்லிலீற்றர், மூடி இறுக்கமாக.

"பிள்ளை, இதிலை என்னவோ அணுகுண்டுக்குப் போடுற சாமான் மாதிரி எழுதிக் கிடக்கு. எயாப்போட்டிலை எனக்கு நெஞ்சுத் தண்ணி வத்திப்போச்சு. என்ன இது?"

"தண்ணி, அன்ரி."

"தண்ணியையோ ரொறன்ரோவிலை இருந்து கொண்டுவரச் சொன்னவ உன்ரை கொக்கா? இஞ்சை குழாயிலை வராதோ?"

"இது வேறை தண்ணி."

"வேறை தண்ணியெண்டு சாவடியிலை அவங்களிட்டையும் சொல்லாதை. அந்தப் பேரைக் கிழிச்செறிஞ்சுபோட்டுக் கொண்டுபோ. பேர் இருந்தாத்தானே கேள்வி."

அது புத்தியான பேச்சாகத்தான் பட்டது. பெயரை மறைப்பதில் நாங்கள் எல்லோருமே தேர்ச்சி பெற்றிருந்தோம். பஸ்ஸில் தமிழில் கதைக்கமாட்டோம். வீட்டு வாசலைத் தாண்டும்போது நெற்றியில் ஒட்டுப்பொட்டு இருந்தால் விரல் தானாகப் போய் அதைக் கழற்றும். எனக்கு அதை எறிய மனம் வருவதில்லை. கைப்பை மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு, திரும்பி வரும்போது எடுத்து வைப்பேன். மறந்து போனவை அங்கேயே தங்கிவிடும். சிவப்பும் கறுப்புமாய்ப் பத்துப் பன்னிரண்டு அந்தத் தோலில் வரிசையாக ஒட்டியிருந்தன. அன்றைக்கும் அன்ரி வீட்டுப் படியில் நின்று நகத்தால் மெல்லக் கிண்டி லேபலை உரித்தேன். ஆய்வுகூடத்தில் லேபல் இல்லாமல் ஒரு போத்தலும் இருக்கக் கூடாது, போய்ச் சேர்ந்ததும் திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டும் பசை காயாமல் இருக்க எங்கே வைப்பது? கை யோசிக்கவேயில்லை. கைப்பையைத் திறந்தது, மூடியின் உட்பக்கத்தில், பொட்டுகளுக்குப் பக்கத்தில், லேபலை ஒட்டியது.

கிராண்ட்பாஸ் தாண்டி, சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் தகரத்தால் மறைத்த ஒரு கூட்டுக்குள். உள்ளே ஒரு பெண் கான்ஸ்டபிள், என் வயதுதான் இருக்கும், கழுத்தில் வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டிருந்தாள். அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறந்த இடத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லில் கண் தங்குகிற நேரம் எனக்குப் பழக்கம். பிறகு கைப்பைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"மேக மொகத?"

இது என்ன என்று கேட்கிறாள். "வதுர," என்றேன். தண்ணீர்.

அவள் தலையாட்டினாள். திரும்ப உள்ளே வைக்கத்தான் போனாள். வைப்பதற்காகப் பை மூடியை முழுதாகப் பின்னுக்கு மடித்தாள். பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் நடுவில், ஆங்கிலத்தில், வெள்ளை லேபல்.

அவள் சிரித்துவிட்டாள், பொட்டுகளைப் பார்த்துத்தான். "இவ்வளவு எதுக்கு, கடை போடவா?" என்று சிங்களத்தில் கேட்டாள். பிறகு லேபலை எழுத்தெழுத்தாக வாசிக்க முயன்றாள். சிரிப்பு அப்படியே நின்றது. வெளியே எட்டி, "சேர்!" என்று கூப்பிட்டாள்.

வந்த அதிகாரி ஆங்கிலம் தெரிந்தவர். லேபலை உரித்தெடுத்து வாசித்தார். போத்தலை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார்.

"பார நீர் என்று போட்டிருக்கு. பாரமாய் இல்லையே?"

"கொஞ்சம்தான் சேர், பத்தில் ஒரு பங்கு..."

"பேரை ஏன் கழற்றினாய்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. ஆனால் அந்த விடையைத்தான் அவரிடம் சொல்ல முடியாது. கழற்றினால் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன் சேர். ஒரு பொருள் தன் பெயரோடு வந்திருந்தால் அது ஒரு விளக்கம். பெயரைத் தனியாக ஒளித்துக்கொண்டு வந்தால் அது ஒரு குற்றச்சாட்டு. அந்தப் பன்னிரண்டு பொட்டும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவை போல ஒட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணி என்றாய்தானே," என்றார். "எஹெனம் பொன்ன."

அப்படியென்றால் குடி. சோதனைச் சாவடியில் யாரிடம் தண்ணீர்ப் போத்தல் இருந்தாலும் அதுதான் வழக்கம். குடித்துக் காட்டினால் அது தண்ணீர். நாங்கள் கேட்கும் முன்பே மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டுகிற அளவுக்குப் பழகியிருந்தோம். ஆனால் இதில் மொத்தமே இருபது மில்லிலீற்றர். எனக்குக் குறைந்தது பத்து வேண்டும். அதைவிடப் பயம், வாய். போத்தலின் விளிம்பில் உதடு பட்டால் எச்சில் போகும். எச்சில் என்றால் தண்ணீர், எச்சில் என்றால் வேறு புரதமும். அதோடு முடிந்தது.

மூடியைத் திறந்தேன். எங்கள் வீட்டில் யாரும் செம்பில் வாய் வைத்துக் குடித்ததில்லை. குடித்தால் அடி விழும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, போத்தலை உதட்டுக்கு மேலே உயர்த்தி, அண்ணாந்து ஊற்றினேன். மெல்லிய நூலாக இறங்கியது. ஒரு வாய். விளிம்பில் தொங்கிய துளியையும் நாக்கில் விழுத்திவிட்டு உடனே மூடினேன். மூடிய பிறகுதான் விழுங்கினேன்.

அதிகாரிக்கு அந்தக் குடி பிடிக்கவில்லை. ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. "இரு," என்றார். "ஏதாவது நடக்குதா பார்ப்போம்." போத்தலைப் பெண் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். லேபலைத் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு, பரிசோதனைச்சாலையின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார். நான் வந்த பஸ் போய்விட்டது.

தகரத்தின் கீழ் உட்கார ஒரு மர வாங்கு. அதில் நானும் அவளும். எனக்கு ஏதாவது நடக்குதா என்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது மணியானது. தகரம் சூடேறியது. ஒன்பதரை. கொள்கலன் லொறிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு போயின. உலகத்தில் இரும்பால் செய்த எல்லாவற்றுக்கும் போக ஓர் இடம் இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் போத்தலைப் பார்ப்பதுமாக இருந்தேன். குளிர்ப்பெட்டியில் அந்தத் தூள் காத்திருக்கிறது. ஒவ்வொரு பத்து நிமிடமும் அதன் ஊறலில் இருந்து கழிகிறது. பத்தரை. எழுந்து நிற்கவும் ஏலாது, எழுந்தால் அவளும் எழுவாள்.

"எப்படி இருந்தது?" திடீரென்று கேட்டாள்.

"என்னது?"

"அந்தத் தண்ணி. ருசி."

யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வில்லங்கமாகுமா என்றும் யோசித்தேன். "கொஞ்சம் இனிப்பு."

"பொய்."

"உண்மையா. மிகக் கொஞ்சம். இளநீர் குடித்துவிட்டு அதே கோப்பையில் தண்ணி குடித்த மாதிரி."

அவள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியில் விரல் போனது. பிறகு ஒரு கண்ணால் அதிகாரி இருந்த பக்கம் பார்த்துவிட்டு விரலை எடுத்தாள். "சீனி வருத்தக்காரருக்குக் கூடாது போல," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த பிறகு அந்த இடம் இன்னும் சிறிதாகிவிட்டது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தொலைபேசி கிடைத்ததாம். பரிசோதனைச்சாலையில் கருவியைப் பார்த்துக்கொள்பவர் சிங்களவர், என்னை நங்கி, தங்கச்சி என்று கூப்பிடுவார். நான் அய்யே என்பேன், அண்ணன். கொச்சிக்கடையில் வளர்ந்தவர் என்பதால் அரைகுறைத் தமிழ் ஒன்று வைத்திருந்தார். அவர் அதிகாரியிடம் என்ன சொன்னார் என்று அப்போது தெரியாது. பிறகு கேட்டபோது, "பலாக்கொட்டைக்குக் குளிக்க வாக்கத் தண்ணி என்று சொன்னேன்," என்றார். போத்தலைத் தந்தார்கள். லேபலைத் தரவில்லை.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபது. அய்யே போத்தலை வாங்கிப் பார்த்தார்.

"லேபல் எங்க?"

"அவங்க வச்சிட்டாங்க."

"பேர் இல்லாத சாமான் என்ட மெஷினுக்குள்ள போட ஏலாது நங்கி. நீ கோபப்பட்டாலும் ஏலாது."

"அப்ப மெஷினையே கேளுங்க, அய்யே."

கேட்டார். ஒளி ஊடுருவுகிற ஜன்னல் கற்கள் இரண்டுக்கு நடுவில் ஒரு துளியை வைத்து மூடினார். ஒரு நிமிடம். தாள் நகர்ந்து வந்தது. பாரநீர் நடுங்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய மலை நின்றது, சாதாரணத் தண்ணீரின் இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம்கூட இல்லை என்றே சொல்லலாம். அவர் விசிலடித்தார். பெயரும் அட்டையும் பிறந்த இடமும் கேட்காமல், எப்படி நடுங்குகிறாய் என்று மட்டும் கேட்டு ஆளை அறிகிற ஒரு காவலைக் காலையிலிருந்து அப்போதுதான் கண்டேன். அண்ணாந்து குடித்தது வீண்போகவில்லை.

தூளைக் கரைத்தேன். சுடுநீர்த் தொட்டியில் குப்பியைத் தொங்கவிட்டேன். நாலரை மணிநேரம் ஊற வேண்டியது, ஒன்றேகால் மணிநேரம் ஊறியது. ஒன்று நாற்பதுக்குக் கருவியின் அறையைத் திறந்து மாதிரியை வைத்தோம். திறக்கும்போது இரண்டு பேரும் மூச்சை அடக்க வேண்டும். நெஞ்சிலிருந்து வருகிற ஈரம்கூட அந்தக் கருவிக்குத் தெரியும், தாளில் சீப்பின் பற்களைப் போல விழும். கொழும்பின் ஈரத்தை உறிஞ்ச உள்ளே நீல மணிகள் ஒரு தட்டில் இருந்தன. அவை ஏற்கெனவே ஈரம் குடித்து ஓரத்தில் இளஞ்சிவப்பாகியிருந்தன. இன்னொரு தடவை வறுத்தெடுக்க நேரமில்லை.

மலை வந்தது. முப்பதுகளில், செங்குத்தாய், அழகாய். மடிப்பு, பெரும்பாலும் மடிப்பு. ஏழு மாதமாய் நான் அரைத்துக் கரைத்தது கொசுவிய சேலையேதான். என் கண் உடனே வலப்பக்கம் ஓடியது. ஆயிரத்து ஐந்நூற்றைம்பது. அங்கே அந்தச் சின்ன மேடு நின்றது. சின்னதென்றும் சொல்ல முடியாது. உள்ளே இருந்தவை இன்னும் வெளியேறவில்லை. மறுபடி எடுக்கலாமா என்று நான் கேட்டு வாய் மூடுவதற்குள் விசிறி மெதுவாகி நின்றது. கரண்ட் போய்விட்டது. அதற்கடுத்த புதன், மாதம் முடிந்து இரண்டாம் நாள்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் இருந்தது. வெளிநாட்டுக்குக் கதைக்கவும் பக்ஸில் தாள் அனுப்பவும் அங்கேதான் எல்லோரும் போவோம். முதலாளி மானிப்பாய்க்காரர். தாளை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இமயமலையோ கீறி இருக்கிறியள்?"

"ஓம் அண்ணை, அப்பிடித்தான்."

"இந்தப் பக்கத்திலை ஒரு புட்டி நிக்குது, வடிவைக் கெடுக்குது. ரிப்பெக்ஸ் தரட்டோ? பக்ஸிலை ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

வெள்ளை மைப் போத்தலை மேசையில் வைத்தார். உண்மைதான், தெரியாது. இரண்டு இழுப்பு. பெரிய மலை அப்படியே இருக்கும், அது பொய்யுமில்லை. நாலு மணிநேரம் கிடைத்திருந்தால் மேடு தானாகவே போயிருக்கும் என்றும் சொல்லிக்கொள்ளலாம். மூடியைத் திறந்து தூரிகையை எடுத்தேன். அதன் நுனியில் வெள்ளைச் சொட்டு திரண்டது. காலையில் லேபலை உரித்த அதே நகம் அந்தத் தூரிகையைப் பிடித்திருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றை மறைத்தது போதும். மூடிவிட்டேன். தாளின் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன்: மாதிரி ஒன்றேகால் மணிநேரம் மட்டுமே பாரநீரில் இருந்தது, போக்குவரத்துத் தாமதம் காரணம். வேறு காரணத்தை எழுதுகிற தைரியம் இல்லை. பக்ஸ் எந்த வழியால் போகும், யார் வாசிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. நல்ல வேலை, நேர்மையான குறிப்பு. ஆனால் இந்த வருட இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த மேடு எப்போது மறைகிறது என்று தொடர்ந்து பார்த்தால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். நின்றபடியே வாசித்தேன். கடை விசிறியில் தாள் படபடத்தது. "நல்ல செய்தியோ?" என்று முதலாளி கேட்டார். "ஓம்," என்றேன், பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

அடுத்த புதன்கிழமைகளில் வெறுங்கையோடுதான் போனேன். மிச்ச மாதிரி அய்யேயின் பொறுப்பில், மூடி சுற்றி ஒட்டப்பட்டு அங்கேயே இருந்தது. சாவடியில் அந்தப் பெண் கான்ஸ்டபிள் கைப்பையைத் திறந்து, "இன்றைக்குத் தண்ணி இல்லையா?" என்று கேட்பாள். பொட்டுகள் எதுவும் குறையவில்லை, ஒன்றிரண்டு கூடித்தான் இருந்தன.

ஐந்தாவது கிழமை என்று நினைக்கிறேன். அய்யே கருவியின் அறையைத் திறந்தபோது நான் மூச்சை அடக்க மறந்து, நன்றாகவே பெருமூச்சு விட்டுவிட்டேன். தாளில் சீப்புப் பற்கள் அடுக்கடுக்காய் விழுந்தன.

"பார், உன்ட மூச்சு," என்று திட்டினார். பிறகு தாளைக் கிட்ட வைத்துப் பார்த்தார். "நீ குடிச்சியே, அந்தத் தண்ணி இதில வருதா தெரியல்ல."

பாரநீருக்குரிய இடத்தைத் தேடினோம். ஒரு கோணல்கூட இல்லை. அந்த ஒரு வாய் என் வியர்வையிலும் மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியேறி, பஸ் ஜன்னலால், கடற்காற்றால், எங்கோ போய்க்கொண்டிருந்தது. மிச்சம் ஏதும் இருந்தாலும் கருவி காண்கிற அளவுக்கு இல்லை.

நீல மணிகளை வறுத்துப் போட்டு, காத்திருந்து, மாதிரியை மறுபடி ஓட்டினோம். முதல் கிழமையில் மேடு பாதியாகக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு குறையவேயில்லை. கடைசி மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மூன்று கோடுகளும் ஒரே கோடாய் நின்றன.

"இன்னும் போகல்லையா?" என்று அய்யே கேட்டார்.

"இல்லை."

"எங்க போறது? அதுக்குப் பாஸ் இல்லையே."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு நடுவில், யாருக்குச் சொன்னோம் என்று விளங்கி, நின்றது. மணித் தட்டை எடுத்து, தேவையில்லாமல் ஒரு தடவை குலுக்கி, திரும்ப வைத்தார். மணிகள் இன்னும் நல்ல நீலத்தில்தான் இருந்தன.

நான் குப்பியின் மூடியை இறுக்கினேன். அதன்மேல் ஒட்டியிருந்த லேபலில், என் கையெழுத்துக்குக் கீழே, அன்றைய திகதியைச் சேர்த்து எழுதினேன்.

"இன்னும் ஒரு கிழமை விட்டுப் பாப்பம், அய்யே," என்றேன்.